கோயில் வாங்குது, ஆனா யாருகிட்ட?

ஆடி மாசம் நல்லபடியா முடிஞ்சது. கூழ் ஊத்தினவங்க, அண்டா கழுவினவங்க, கார் நிறுத்துற இடத்துல வெயில்ல நின்ன தம்பிங்க எல்லாருக்கும் அம்பாள் அருள் உண்டு. இன்னிக்கு நன்றி சொல்ல மட்டும் எழுதல. கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கறப்ப படிங்க. மாற்றுக் கருத்து இருந்தா கீழே தாராளமா எழுதுங்க, சண்டை மட்டும் வேண்டாம்.

நம்ம கோயில்ல சாமான் அறையைப் பார்த்துக்கிற தொண்டூழியன் நான். பூசைக்கும் அன்னதானத்துக்கும் என்ன வருது, எங்கிருந்து வருது, என்ன விலைன்னு ரசீதுகளைக் கோர்த்து வைக்கிறது என் வேலை. பூ, மாலை, வாழைப்பழம், வாழையிலை, தேங்காய், வெற்றிலை, எலுமிச்சை, அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாத்தூள், நெய், விளக்குத் திரி, பிரசாதப் பை. உபயக்காரர் கொடுக்கிற காசு காலையில உள்ள வருது, சாயங்காலத்துக்குள்ள வெளியே போயிடுது. போறது தப்பில்ல, சாமான் வாங்கித்தானே ஆகணும். ஆனா அந்த ரசீதுக் கட்டுல நம்ம தாமான்லயோ பின்னாடி இருக்கிற ஃபிளாட்லயோ குடியிருக்கிற ஒருத்தர் பேர்கூட இல்ல.

இத்தனைக்கும் அந்த ஃபிளாட்ல மாலை கட்டுற அக்காமாருங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. கடைக்காரர் பூவைக் கொண்டாந்து போடுவார், இவங்க கட்டிக் கொடுப்பாங்க, ஒரு மாலைக்கு இவ்வளவுன்னு கூலி. அந்த மாலை கடைக்குப் போகும், கடையிலேர்ந்து நம்ம கோயிலுக்கு வரும். ஃபிளாட்லேர்ந்து கோயிலுக்கு நடந்தா பத்து நிமிசம். கடையைச் சுத்தி வர்றதுக்குள்ள விலை எவ்வளவு ஏறுதுன்னு கூலியையும் ரசீதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கடைக்காரரை நான் குறை சொல்லல. அவரு விடியறதுக்கு முன்னாடி எழுந்து கேமரன் மலையிலேர்ந்து வர்ற செவ்வந்தியை எடுக்கிறார், வாடகை கட்டுறார், குளிர்பெட்டிக்குக் கரண்டு பில் கட்டுறார், மிஞ்சின பூ வாடினா நட்டம் அவருக்குத்தான். அவர் செய்யற வேலைக்கு ஒரு விலை இருக்கு. என் கேள்வி என்னன்னா, அந்த வேலையை நம்ம அக்காமாருங்களே நாலு பேராச் சேர்ந்து செஞ்சா என்ன?

தனித்தனியா முடியாது. நாலு பேர் சேர்ந்தாலும் கஷ்டம். நாப்பது, ஐம்பது பேர் சேர்ந்தா முடியும். அதுக்குப் பேருதான் கூட்டுறவு. இடைநிலைப்பள்ளியில நாம எல்லாரும் கோப்பராசியில உறுப்பினரா இருந்தவங்கதானே? படிவம் ஒண்ணுல சில வெள்ளி பங்கு கட்டி, அங்கேயே நோட்டுப் புத்தகமும் பள்ளிச் சின்னமும் வாங்கி, வருசக் கடைசியில சில்லறைக் காசு லாப ஈவு வாங்கின ஞாபகம் இருக்கும். பள்ளியை விட்டு வந்ததும் அந்தச் சொல்லையே மறந்துட்டோம். மலாய்க்காரங்க மறக்கல. பள்ளிவாசலைச் சுத்தி, வேலையிடத்தைச் சுத்தி, கம்பத்தைச் சுத்தி கோப்பராசி வச்சிருக்காங்க. சிங்கப்பூர் போனா நாம பை நிறைய சாமான் வாங்கற ஃபேர்பிரைஸ்கூட ஒரு கூட்டுறவுதான். 1973ல தொழிற்சங்கம் ஒரே ஒரு கடையா ஆரம்பிச்சது.

நமக்கும் இது புதுசு இல்ல. நம்ம தாத்தா பாட்டி செஞ்சு காட்டினதுதான். சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்தை வித்துட்டுக் கிளம்பினாங்க. வாங்கினவங்க அதைத் துண்டு துண்டா வெட்டி வித்தாங்க. தோட்டத் துண்டாடல்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. துண்டு போட்ட தோட்டத்துல பால் வெட்டறவனுக்கு வேலை இல்ல, வேலை இல்லன்னா லயத்துல வீடும் இல்ல. அந்தத் துண்டாடலை ஆராய்ஞ்சு எழுதினவர் உங்கு அசிஸ். பின்னாள்ல நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தோட அங்காசாவுக்குப் பல வருசம் தலைவரா இருந்தவரும் அவர்தான்.

அந்த நேரத்துல துன் வீ. தி. சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மொத்தமாக் கட்ட எந்தத் தோட்டத் தொழிலாளியால முடியும்? அதனால மாசம் 10 வெள்ளி வீதம் பத்து மாசம். அப்ப 10 வெள்ளிங்கிறது பல நாள் கூலி. தோட்டம் தோட்டமா அவரே போய்ப் பேசினார். அப்படிச் சேர்ந்த காசுல வாங்கின முதல் தோட்டம் கெடாவுல புக்கிட் சிடிம். அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வாங்கினாங்க. கையெழுத்துப் போடத் தெரியாம கைநாட்டு வச்சவங்க காசுல ரப்பர் தோட்டம் வாங்கின கதையை நம்ம பிள்ளைங்களுக்குத் தைப்பூசக் கதை மாதிரி சொல்லி வளர்த்திருக்கணும். எத்தனை வீட்டுல அந்தப் பங்குப் பத்திரம் இன்னும் தகரப்பெட்டியில சேலைக்கு அடியில கிடக்கோ தெரியாது. கிடந்தா எடுத்துப் பாருங்க, சங்கம் இன்னிக்கும் இருக்கு.

அந்தச் சங்கத்துல எனக்கு ஒரு குறையும் உண்டு, சொல்லிடறேன். தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமாச்சு, உறுப்பினருக்கு ஈவு வந்துச்சு, பிள்ளைங்க படிப்புக்கு உதவி வந்துச்சு. ஆனா காலையில பால்வாளியைத் தூக்கிட்டுப் போனவர் கூலிக்காரராத்தான் போனார். பங்குதாரர்ங்கிற பேரு பத்திரத்துல இருந்துச்சு, வேலையைத் தீர்மானிக்கிற இடத்துல இல்ல. நான் சொல்ற சின்னக் கூட்டுறவுல மாலை கட்டற அக்காதான் விலையையும் பேசணும், கணக்கையும் பார்க்கணும்.

கோயிலுக்குள்ள வியாபாரமான்னு சிலர் முகம் சுளிப்பாங்க. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. ராஜராஜ சோழன் காலத்துல கோயிலுக்கு வந்த காசை வெறுமனே பூட்டி வைக்கல. ஊர்ச் சபைகளுக்கும் வணிகர்களுக்கும் முதலாக் கொடுத்தாங்க. வட்டி வருசத்துக்கு எட்டுல ஒரு பங்கு, இன்னிக்குக் கணக்குல 12.5 விழுக்காடு. சில வணிகர்கள் அந்த வட்டிக்குப் பதிலா கோயிலுக்கு வேண்டிய பொருளாவே கொடுத்தாங்க. பிள்ளையாருக்கு வாழைப்பழம், திருமஞ்சனத் தண்ணிக்கு ஏலக்காய், சண்பக மொட்டு, வெட்டிவேர். அதாவது கோயிலுக்குத் தேவையான சாமானே ஊர்க்காரனுக்கு முதலும் வேலையும் ஆச்சு. இங்கேயும் நகரத்தார் கிட்டங்கியும் தண்டாயுதபாணி கோயிலும் கைகோத்துத்தான் வளர்ந்துச்சு, வியாபாரத்துல ஒரு பங்கை மகமைன்னு கோயிலுக்கு ஒதுக்கினாங்க. கோயிலுக்கும் ஊர்ப் பிழைப்புக்கும் நடுவுல சுவர் கட்டினது நாமதான், அதுவும் சமீபத்துல.

ஆனா ஒண்ணு. ராஜராஜன் செஞ்ச மாதிரி கோயில் காசை எடுத்துக் கடன் கொடுக்கச் சொல்லி நான் கேக்கல. சாமி காசுல ஒரு காசுகூட கூட்டுறவுக்குப் போகக்கூடாது. கோயில் சங்கப் பதிவிலாகாவுல பதிஞ்ச சங்கம், அதோட கணக்கு தனி. கூட்டுறவு மலேசியக் கூட்டுறவு ஆணையத்துல பதியறது, அதோட கணக்கு தனி. கோயில் கமிட்டியில இருக்கறவர் கூட்டுறவு வாரியத்துல இருக்கக்கூடாது. இதுல நான் பிடிவாதம். வாங்கறவனும் விக்கறவனும் ஒரே ஆளா இருந்தா நாளைக்கு எந்த ரசீதையும் யாரும் நம்ப மாட்டாங்க. கோயில் செய்ய வேண்டியது ஒண்ணுதான்: நல்ல வாடிக்கையாளரா இருக்கறது.

பெரியவங்க உடனே கேப்பாங்க, "தம்பி, மைக்கா மாதிரியா?" நியாயமான கேள்வி. 1980கள்ல நம்ம சமுதாயம் மைக்காவுல 10 கோடி வெள்ளிக்கு மேல போட்டுச்சு. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேர், பலர் நகையை அடகு வச்சு. கடைசியில 2010ல ஒரு வெள்ளி பங்குக்கு 80 காசு தந்து வாங்கிக்க ஆள் வந்தப்ப, கால் நூற்றாண்டு போயிருந்துச்சு. அந்தக் காயம் இன்னும் ஆறல. ஆனா மைக்கா கூட்டுறவு இல்ல, கம்பெனி. கம்பெனியில பங்கு எத்தனையோ ஓட்டு அத்தனை. கூட்டுறவுல 100 வெள்ளி போட்ட பாட்டிக்கும் ஒரு ஓட்டு, பத்தாயிரம் போட்ட முதலாளிக்கும் ஒரு ஓட்டு.

கூட்டுறவுன்னா மட்டும் எல்லாம் சுத்தம்னும் சொல்ல மாட்டேன். 1986ல 24 வைப்புத்தொகைக் கூட்டுறவுகளை பேங்க் நெகாரா முடக்குச்சு, அஞ்சு லட்சத்துக்கும் மேற்பட்ட பேரோட சேமிப்பு மாட்டிக்கிச்சு. பொதுமக்கள்கிட்ட வைப்புத்தொகை வாங்கி, நிலத்துலயும் பங்குச் சந்தையிலயும் வேண்டியவங்களுக்குக் கடனாவும் போட்டதோட விளைவு அது. மைக்காவுலயும் சரி, இதுலயும் சரி, முதல்ல பணத்தைச் சேர்த்தாங்க, அப்புறம் எதுல போடலாம்னு தேடினாங்க. கை நிறைய அடுத்தவன் காசு இருந்தா தேடற கண்ணு நல்ல இடத்துக்குப் போகாது.

நாம தலைகீழா ஆரம்பிக்கலாம். வாங்கறவர் யாருன்னு முதல்ல தெரியும், கோயில். எப்ப வாங்குவார்னும் தெரியும், பஞ்சாங்கத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை எத்தனை மாலை, பிரதோசத்துக்கு எவ்வளவு பால், நவராத்திரி ஒன்பது நாளைக்கு எவ்வளவு சுண்டல், பங்குனி உத்திரத்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு, எல்லாம் என் புத்தகத்துல வருசா வருசம் எழுதியிருக்கு. புதுசாக் கடை திறக்கிற எந்த வியாபாரிக்கு இப்படி ஒரு வருசத்து ஆர்டர் முன்கூட்டியே கையில கிடைக்கும்? இதை நாம சொத்தாவே நினைச்சுப் பார்த்ததில்ல.

காசும் நம்மகிட்ட இல்லாம இல்ல. நம்ம பெண்கள் கூட்டுப் பிடிக்கிறாங்களே, மாசம் நூறு, இருநூறுன்னு? பத்து மாசம், இருபது மாசம் ஒருத்தர் தவறாம கட்டற ஒழுங்கு அதுல இருக்கு. சிக்கல் என்னன்னா கூட்டுத் தலைவி ஓடிட்டா போலீசுக்குப் போகவும் பயம். கூட்டு நிதியைத் தடை பண்ணி 1971லேயே சட்டம் இருக்கு, அந்தச் சட்டத்தோட பேருலயே நம்ம தமிழ்ச் சொல் கூட்டுதான் இருக்கு, பார்த்துக்கங்க. அதே ஒழுங்கோட கட்டற காசு, சட்டத்துக்கு உள்ள, ரசீதோட, வருசாந்திரக் கூட்டத்துல கேள்வி கேக்கற உரிமையோட இருந்தா எப்படி இருக்கும்? கணக்குக்குச் சொல்றேன்: 100 குடும்பம், சம்பந்தன் காலத்து அதே 10 வெள்ளி, பத்து மாசம். 10,000 வெள்ளி. மாவு அரைக்கிற மெசினும், பூ வைக்கப் பழைய குளிர்பெட்டி ஒண்ணும் வாங்கி ஆரம்பிக்க இது போதும்.

எதுல ஆரம்பிக்கலாம்னா, மளிகைக்கடை வேண்டவே வேண்டாம். மூணு தெரு தள்ளி இருக்கிற ஹைப்பர் மார்க்கெட்டோட அரிசி விலையில போட்டி போட்டா ஆறு மாசத்துல மூடிடுவோம். கைவேலை எங்க இருக்கோ அங்க ஆரம்பிக்கணும். மாலை, மசாலாத்தூள், விளக்குத் திரி, பிரசாதம், தீபாவளி வந்தா முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை. என்னைக் கேட்டா மசாலாத்தூளும் திரியும் முதல்ல, மாலை அப்புறம். தூள் ஒரு மாசம் இருக்கும், பூ ஒரு நாள்தான். 1844ல இங்கிலாந்து ரோச்டேல்ல 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தப்பகூட மாவு, சர்க்கரை, வெண்ணெய், ஓட்ஸ், மெழுகுவர்த்தி, இவ்வளவுதான் வச்சாங்க. அன்னதானம் சமைக்கிறவங்களுக்குத் தெரியும், அன்னிக்கு அரைச்ச மல்லித்தூள் வாசமே வேற. மாலைக்கு வர்றப்ப ஆர்டர் இருந்தா மட்டும் பூ எடுக்கணும், உபயக்காரர் முன்பணம் கட்டினதும்தான்.

இதுல கோயில் கமிட்டிக்கு ரெண்டு விண்ணப்பம். தரம் சரியில்லன்னா கூட்டுறவுகிட்ட வாங்காதீங்க. நம்ம பிள்ளைங்கதானே, பாவம்னு கல்லு கலந்த மல்லியை எடுத்தா கூட்டுறவு உருப்படாது, அன்னதானமும் கெடும். விலையும் வெளிக்கடை விலைக்குள்ளதான் இருக்கணும். இன்னொண்ணு, வாங்கினா ரெண்டு வாரத்துக்குள்ள காசைக் கொடுத்துடுங்க. பெரிய கடைக்காரர் மூணு மாசம் கடன் தாங்குவார். ஃபிளாட்ல இருக்கிற அக்காவுக்கு அடுத்த மூட்டை மல்லி வாங்கக் காசு இருக்காது, அப்ப போய் ஆலோங்கிட்ட நிப்பாங்க. சின்ன வியாபாரத்துல பாதி, சாமான் விக்காம சாகறதில்ல, வித்த காசு வராமத்தான் சாகுது.

கடன் திட்டங்கள் ஏற்கனவே இருக்கேன்னு கேக்கலாம். தெக்குன்ல ஸ்பூமி இருக்கு, இந்தியப் பெண்களுக்குன்னு அமானா இக்தியார்ல பெண் திட்டம் 2024லேர்ந்து இருக்கு. நல்ல திட்டங்கள், தகுதி இருக்கறவங்க கட்டாயம் எடுங்க. ஆனா கடன் மெசினைத்தான் கொடுக்கும், வாங்கற ஆளைக் கொடுக்காது. பத்து பேர் தனித்தனியாக் கடன் எடுத்து, பத்து பேரும் அதே முறுக்கைச் சுட்டு, அதே வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் விலையை ஒருத்தர் குறைச்சு விக்கிறதைத் தீபாவளிக்குத் தீபாவளி பார்க்கிறோம்.

சட்ட வேலை கொஞ்சம் இருக்கு, மறைக்கல. விதிமுறை எழுதணும், பொதுக்கூட்டம் போடணும், வாரியம் தேர்ந்தெடுக்கணும், வாரியத்துல இல்லாத உறுப்பினர்களை வச்சு உள் கணக்காய்வுக் குழு அமைக்கணும், வருசா வருசம் கணக்கு தாக்கல் பண்ணணும், லாபத்துல ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கணும். சமையல் செய்யறவங்க டைஃபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் எடுக்கணும். இதெல்லாம் தொல்லைன்னு நினைக்கறவங்க மைக்காவை நினைச்சுக்கங்க. யாரும் கேள்வி கேக்காத இடத்துலதான் காசு காணாமப் போகும். பெட்டாலிங் ஜெயாவுல இருக்கிற கூட்டுறவுக் கழகத்துல இதுக்குன்னே பயிற்சி இருக்கு. நம்ம இளைஞர் பிரிவுல கணக்கியல் படிச்ச பிள்ளைங்க மூணு நாலு பேர் இருக்காங்க. காவடி தூக்கற தோளு கணக்குப் புத்தகத்தையும் தூக்கட்டுமே.

இன்னொரு விசயம், இதைச் சொன்னா சிலருக்குக் கோவம் வரும். நம்ம கோயில் மண்டபத்துக்குப் புது டைல்ஸ் போட நிதி திரட்டற பேச்சு ஓடுது. இருக்கிற டைல்ஸ் உடையல, பழசாயிருக்கு, அவ்வளவுதான். அதே மண்டபத்துல வரிசையில நின்னு அன்னதானம் வாங்கி, மிச்சத்தை டப்பாவுல கட்டிக்கிட்டுப் போற பிள்ளைங்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். பசிக்குச் சோறு போடறோம், நல்லது. அந்தப் பிள்ளையோட அம்மா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கூலிக்கு மாலை கட்டறாங்க, அந்த மாலை அம்பாள் கழுத்துல இருக்கு. டைல்ஸ் ரெண்டு வருசம் பொறுக்கும். அந்தப் பிள்ளை எந்தத் தெருமுனையில நிக்கப் போறான்னு அந்த ரெண்டு வருசத்துல முடிவாயிடும்.

சரி, வேலைக்கு வருவோம். வர்ற ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் சமையல்கூடத்துக்குப் பக்கத்துல மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். காசு எதுவும் கொண்டு வராதீங்க, கொடுத்தாலும் வாங்க மாட்டேன். பதிவு ஆகற வரைக்கும் யார் வந்து இதுக்குன்னு காசு கேட்டாலும் கொடுக்காதீங்க. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், வாரத்துல எத்தனை மணி நேரம் முடியும், வீட்டுல என்ன மெசின் இருக்கு, இது மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. எழுத வராத பாட்டிமாருங்களுக்கு எழுதித் தர தம்பிங்க இருப்பாங்க. போன வருசத்துச் சாமான் கணக்கு முழுசையும், கமிட்டி அனுமதியோட, நகல் எடுத்து மேசையில வைக்கிறேன். எது எவ்வளவு வாங்கினோம்னு நீங்களே புரட்டிப் பாருங்க. மசாலா அரைக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் வாங்க, மல்லிக்கும் மிளகாய்க்கும் என்ன அளவுன்னு உங்ககிட்ட கேட்டாத்தான் விலையே போட முடியும்.